இரண்டு கை சோளமாவு

"ஐப்பசி, இரண்டாம் ஞாயிறு. காலையிலிருந்து தூறல், மதியம் நின்றது. ஆண்டிபட்டியிலிருந்து மச்சினன். இறால், உரித்தபின் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. சோளமாவு இரண்டு கை, அரிசிமாவு ஒரு கை, மிளகாய்த்தூள், மஞ்சள். தொட்டுக்கொள்ளத் திராட்சைச் சாறு, பூண்டு, மிளகாய் வற்றல். நன்றாக வந்தது."

என் நாட்குறிப்பில் நானே எழுதியது. அரசு அலுவலகம் ஒன்றின் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தேதி இல்லாத காகிதம் எதையும் நம்பாமல் இருக்கப் பழகியவன். கம்பம் ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்கள், பெய்த மழை, மாற்றிய பல்பு எல்லாம் அந்தக் குறிப்பேடுகளில் இருக்கின்றன. மனைவி கேலி செய்வாள். "நான் செத்தாலும் மொதல்ல மணியப் பாத்து எழுதிட்டுத்தான் அழுவாரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். எனக்கு அதில் வருத்தமில்லை. எழுதி வைத்தது ஒருநாள் கைகொடுக்கும் என்பது என் எண்ணம்.

அந்த நாள் தை மாதத்தில் வந்தது. கைகொடுத்ததா என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பொங்கல் முடிந்ததும் மனைவிக்குக் காய்ச்சல். மூட்டு மூட்டாக வலித்துப் படுக்கவைத்த காய்ச்சல். ஒரு வாரத்தில் அது போய்விட்டது. வாயில் இருந்த ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதை வாயில் வைத்தாலும் கசக்கிறது என்றாள். கஞ்சி இரண்டு கரண்டி, அதற்கு மேல் இறங்கவில்லை. சேலையைக் கட்டினால் இடுப்பில் நிற்கவில்லை. மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் போனபோது அவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: நோய் ஒன்றும் மிச்சமில்லை, ஆனால் சாப்பிட்டே ஆகவேண்டும், எண்ணெயோ காரமோ எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள், திங்கட்கிழமை வரை பார்ப்போம்; அப்போதும் இப்படியே இருந்தால் தேனிக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவது நல்லது.

வீட்டுக்கு வந்து அவளிடம், "என்ன வேணும்னு சொல்லு, எதுனாலும் செய்றேன்" என்றேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு திரும்பினாள்.

"அன்னைக்கு மழையில எறா பொரிச்சம்ல, மாவுல முக்கி. அது மாதிரி இருந்தா ரெண்டு தின்பேன்."

மூன்று வாரத்தில் அவள் தானாகக் கேட்ட முதல் தின்பண்டம். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஐப்பசிக் குறிப்பை எடுத்து வந்து அவள் முன்னாலேயே வாசித்துக் காட்டினேன். "பாத்தியா, எழுதி வச்சது எப்பிடி ஒதவுதுன்னு" என்றுகூடச் சொன்னேன்.

அடுக்களைக்குப் போய் மாவு டப்பாக்களைத் திறந்தபோதுதான் குழப்பம் தொடங்கியது.

சோளமாவு என்று எழுதியிருக்கிறேன். எந்தச் சோளம்? என் மனைவி ஆண்டிபட்டிப் பக்கம் பிறந்தவள். மானாவாரிக் காட்டில் வெள்ளைச்சோளம் விளைகிற ஊர். அவள் வீட்டில் சோளம் என்றால் அது ஒன்றுதான். கூழ் காய்ச்சுவார்கள், தோசை சுடுவார்கள். எங்கள் பக்கம் தோட்டக்காரர்கள் சோளம் என்று சொன்னால் பாதிப்பேருக்கு மக்காச்சோளம். சுருளிப்பட்டியில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கொடுத்ததை மில்லில் அரைத்துவைத்த மஞ்சள் மாவு எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு டப்பா கிடக்கும். இது போதாதென்று, மளிகைக் கடையில் வெள்ளைவெளேரென்று, தொட்டால் விரலில் கிறீச்சிடும் ஒரு மாவு பாக்கெட்டில் விற்கிறது. கார்ன் ஃப்ளார் என்பது அதன் பெயர். அதையும் எல்லாரும் சோளமாவு என்றுதான் சொல்கிறோம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று மாவு, ஒரே பெயர்.

பழைய கல்வெட்டில் வரும் ஓர் அளவுச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாகச் சண்டை போடுவதைப் படித்து நான் சிரித்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் என் கையால் எழுதிய சொல்லுக்கு எனக்கே பொருள் தெரியாமல் அன்று அடுக்களையில் நின்றேன்.

என் நினைவில் இருந்தது மஞ்சள் நிறம். பாத்திரத்தில் மஞ்சளாக ஒரு கரைசல், அதில் இறால் மிதப்பது. அப்படியானால் மக்காச்சோளம். ஆனால் மஞ்சள் தூளும் போட்டிருக்கிறேன் என்று குறிப்பு சொல்கிறது.

மனைவியிடம் போய்க் கேட்டேன்.

"சோளமாவுதாங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"எந்தச் சோளம்?"

"சோளத்துல எந்தச் சோளம்? சோளந்தான்."

மேலே கேட்டால் பசி பறந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

மச்சினனுக்குப் போன் செய்தேன். அவளுடைய தம்பி. ஆண்டிபட்டியில் தறிக்குப் பாவு நூல் விற்கும் வியாபாரம். அவனுக்குச் சந்தேகமே இல்லை. "வெள்ளச்சோள மாவு மாமா. நாந்தான கொண்டாந்தேன்? பையோட ஒங்க மேசை மேல வச்சேன், நீங்ககூட, 'எழுதுற நோட்டு மேல வைக்காதடா'ன்னு வஞ்சீக." நாளைக்குக் காலையில் மாவோடு வருகிறேன் என்றான்.

அடுத்து, பக்கத்து வீட்டுப் பெண். உத்தமபாளையத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். என் மனைவிக்கு உயிர்த்தோழி. அன்று தொட்டுக்கொள்ளும் சாறு அவர் கைவண்ணம். சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"வெள்ளச்சோளமா? அதுல எறா பொரிச்சா களியால்ல இருக்கும்? நான் குடுத்த பாக்கெட்டுண்ணே. கார்ன் ஃப்ளார். புதுப் பாக்கெட்ட ஒங்க வீட்ல வச்சுத்தான் கத்தரிச்சேன். எங்க வீட்லகூட அவுக கேட்டாக, வாங்குன மறுநாளே பாக்கெட்டு எப்பிடிப் பாதியாப் போச்சுன்னு."

என்னையும் சேர்த்து மூன்று சாட்சிகள், மூன்று மாவு. மூவரும் அந்த நாளில் அந்த அடுக்களையில் இருந்தவர்கள். சனிக்கிழமை முழுக்க இதே யோசனை. ஒரே தடவைதான் அவள் வாய்திறந்து கேட்டிருக்கிறாள். தவறான மாவில் பொரித்துக் கொடுத்து, ஒரு வாய் வைத்துவிட்டு "இது இல்ல" என்று தட்டைத் தள்ளிவிட்டால், திங்கட்கிழமை தேனி பஸ்தான். கடைசியில் மூன்று மாவிலும் பொரித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

தை மூன்றாம் ஞாயிறு, காலை ஏழு மணிக்குக் கடைத்தெரு. எங்களுக்குக் கடல் எந்தப் பக்கமும் பக்கமில்லை. மீன்கடையில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்த இறாலைக் காட்டி, எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மலைக்கு அந்தப் பக்கத்துக் கடலிலிருந்து என்றார் கடைக்காரர். அவருடைய தம்பி தூத்துக்குடிச் சரக்கு என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். தலை இறுகி, ஓடு பளபளவென்று இருந்ததைப் பார்த்துப் பொறுக்கினேன்.

வீட்டில் உட்கார்ந்து தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, வாலை மட்டும் விட்டு, முதுகில் கத்தியால் ஒரு கீறல் போட்டுக் கறுப்பு நரம்பை இழுத்தெடுத்தேன். மஞ்சளும் உப்பும் போட்டு அலசினேன். மூன்று கிண்ணங்களில் மூன்று மாவு. ஒவ்வொன்றிலும் இரண்டு கை மாவு, ஒரு கை அரிசிமாவு, ஒரே அளவு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீர். காகிதத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக் கிண்ணங்களுக்கு அடியில் வைத்தேன். அதற்குள் மாவுப் பையோடு மச்சினனும், திராட்சைக் குலையோடு பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்துவிட்டார்கள்.

"என்ன மாமா, லேபரட்டரியா?" என்றான் மச்சினன்.

"ஒங்க மாமா எறாவுக்கும் பைல் போட்டுட்டாக" என்றார் அவர்.

முதல் ஈடு நாசம். எண்ணெயில் போட்டதும் மாவு தனியாகக் கழன்று மிதந்தது, இறால் அம்மணமாக அடியில் கிடந்தது. எந்த மாவாக இருந்தால் என்ன, எனக்குப் பொரிக்கவே தெரியவில்லையே என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்தான் கிண்ணத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஈரத்தோட முக்குனா மாவு எப்பிடிண்ணே ஒட்டும்? துணியில ஒத்துங்க. ஒத்திட்டு வரமாவுல ஒரு பெரட்டு. அதுக்கப்பறம் கரைச்ச மாவுல முக்குங்க."

அப்படியே செய்தோம். துணியில் ஒற்றி, உலர்ந்த மாவில் புரட்டி, உதறி, கரைசலில் முக்கி, வாலைப் பிடித்து ஒவ்வொன்றாக விட்டேன். சட்டி நிறையக் குமிழ். குமிழ் அடங்கி வரும்போது எடுத்து வைத்து, எல்லாம் முடிந்தபின் எண்ணெயை இன்னும் சூடாக்கி இரண்டாம் முறை ஒரு நிமிடம் போட்டெடுத்தபோது, சல்லடையில் விழும் ஓசையே வேறாக இருந்தது. காய்ந்த சருகை மிதித்த மாதிரி. மிளகாய்த்தூளும் மஞ்சளும் சேர்ந்ததில் மூன்று மாவும் ஒரே செம்பொன் நிறம். மக்காச்சோளம் சற்று நறநறப்பு, வெள்ளைச்சோளம் கொஞ்சம் தடிப்பு, பாக்கெட் மாவு கண்ணாடி மாதிரி. ஆனால் கடித்தால்தான் தெரியும், கண்ணால் பிரிக்க முடியாது. அதனால் மூன்று தட்டுகளுக்கும் அடியில் அந்தந்தக் காகிதத்தை ஒழுங்காக வைத்தேன்.

அடுத்த அடுப்பில் சாறு. பன்னீர் திராட்சையைப் பிசைந்து வடிகட்டி, நசுக்கிய பூண்டு, இடித்த வற்றல், கொஞ்சம் வெல்லம், உப்பு போட்டுக் கொதிக்கவிட்டார் அவர். கருநீலமாகக் கொதித்தது. கெட்டிப்படவில்லை. ஒரு தேக்கரண்டி கார்ன் ஃப்ளாரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். ஊற்றிய கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"ஆத்தாடி. அண்ணே, அன்னைக்கு நான் பாக்கெட்ட எடுத்தாந்தது இதுக்குத்தான். சாறு தண்ணியா நின்னுச்சு, ஓடிப்போய் எடுத்தாந்தேன். எறாவுக்குப் போட்டமான்னு இப்பத் தெரியலயே."

"ஒரு கரண்டிக்குப் பாதிப் பாக்கெட்டா போகும்?" என்றேன்.

"அதான… போட்டும் இருப்போம்" என்றார்.

மச்சினன் சிரித்தான். "நாந்தான் சொல்றேன்ல, வெள்ளச்சோளம்." நான் அவனைக் கேட்டேன்: ஐப்பசியில் தீபாவளிக்கும் நீ வந்தாய்; மாவு கொண்டுவந்தது அந்த வரவிலா, இறால் பொரித்த வரவிலா? என் நோட்டு மேல் பையை வைத்ததற்காக உன்னைத் திட்டியது எந்த வரவில்? அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "தீவாளிக்கு முறுக்கு கொண்டாந்தேன்… மாவும்… இருங்க மாமா, கொழப்பாதீக."

அப்புறம்தான் அவன் அதைச் சொன்னான். வெகு சாதாரணமாக, சல்லடையில் உதிர்ந்து கிடந்த பொரியைப் பொறுக்கித் தின்றுகொண்டே.

"என்னமோ போங்க மாமா. அக்கா அன்னைக்கு எறாவத் தொடவே இல்லயே. பிறகென்ன அதே மாதிரி வேணும்னு கேக்குது?"

"தொடலயா?"

"பல்லு வலின்னு கன்னத்தப் பிடிச்சுட்டு அங்கன உக்காந்திருந்துச்சுல்ல. கஞ்சிதான் குடிச்சுச்சு."

"பொய் சொல்லாத தம்பி" என்றார் பக்கத்து வீட்டுப் பெண். "எனக்குத் தட்டுல வச்சுக் குடுத்ததே அக்காதான்."

"வச்சுக் குடுத்துச்சு. தின்னுச்சா?"

அவர் சாற்றைக் கிளறத் திரும்பிக்கொண்டார்.

கையைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டை எடுத்தேன். இரண்டாம் ஞாயிற்றில் அவள் சாப்பிட்டதாகவும் இல்லை, சாப்பிடாததாகவும் இல்லை. பக்கத்தைத் திருப்பினேன். மறுநாள் திங்கள்: "தேனி. பல் மருத்துவர். இடது கீழ்ப் பக்கம், கடைசிக்கு முந்திய பல்." என் கையெழுத்துதான். மச்சினன் சொன்னது அதோடு ஒத்துப்போகிறது. அப்படியானால் அவள் கேட்டது எதை? தின்னாத ஒன்றின் ருசியையா? நான் மூன்று கிண்ணம் வைத்துத் தேடியது அவள் நாக்கில் இல்லவே இல்லாத ஒன்றையா?

யோசித்துக்கொண்டே தட்டுகளை எடுக்கத் திரும்பினேன். மேடை காலியாக இருந்தது. மூன்று தட்டிலிருந்ததையும் ஒரே பெரிய தட்டில் கொட்டி, நடுவில் சாற்றுக் கிண்ணத்தை வைத்து, மச்சினன் அறைக்குள் போய்க்கொண்டிருந்தான்.

"ஏய் மாப்ள! நம்பர் போட்டிருந்தேனே!"

"ஆறிப்போகும் மாமா. சும்மா வாங்க."

ஒன்று, இரண்டு, மூன்று என்ற காகிதங்கள் எண்ணெய் படிந்து மேடையில் கிடந்தன.

மனைவி சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாங்கள் மூவரும் வரிசையாக நிற்பதைப் பார்த்து, "என்ன, பரீட்சையா? இப்பிடி மொகத்தையே பாத்துட்டு நின்னா எப்பிடித் திங்கிறது?" என்றாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

முதலில் அவள் இறாலை எடுக்கவில்லை. விரலைச் சாற்றில் தோய்த்து நாக்கில் வைத்தாள். கசக்கிறது என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். தட்டின் ஓரத்தில் உதிர்ந்து கிடந்த மாவுப் பொரியை எடுத்துச் சாற்றில் நனைத்துத் தின்றாள். அதற்குப் பிறகுதான் ஒரு இறால். கடித்தபோது எழுந்த நொறுங்கல் அறை முழுக்கக் கேட்டது. இன்னொன்று. வாலை மட்டும் தட்டில் வைத்தாள். மூன்றாவதை எடுக்கும்போது தம்பியின் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏலே, ஒனக்கு அங்கன இல்ல? இது எனக்கு."

நான்கு வால்கள். எண்ணினேன். எண்ணுவதை அவள் பார்த்துவிட்டாள்.

"இதுதானா?" என்று கேட்டேன்.

"இதுதான்."

"எது? கொஞ்சம் நறநறன்னு இருந்ததா, தடிப்பா இருந்ததா?"

"எல்லாம் ஒண்ணாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு மாதிரியே."

விட்டிருக்கலாம். அவள் சாப்பிட்டுவிட்டாள், எனக்கு வேண்டியது அதுதான். ஆனால் திறந்த குறிப்பேடு கையில் இருந்தது.

"அன்னைக்கு ஒனக்குப் பல்லு வலின்னு இவன் சொல்றான். நீ எறாவே சாப்பிடலன்னு சொல்றான்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்தப் பார்வையை நான் அதிகம் பார்த்ததில்லை. கோபம் இல்லை, தெரிந்த ஆளைத் தெரியாத இடத்தில் பார்த்ததுபோல.

"இவனுக்கு என்ன தெரியும்? இவன் அங்கிட்டு டிவி பாத்துட்டு இருந்தான். நீங்கதான் தட்டெடுத்துட்டு இங்கன வந்தீக. கடிக்க முடியலன்னு சொன்னேன். எறாவச் சாறுல ஊறப்போட்டு, பிச்சுப் பிச்சு வலது பக்கமா ஊட்டிவிட்டீக. ரெண்டு. மூணாவது வேணாம்னேன்."

மச்சினன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பக்கத்து வீட்டுப் பெண், அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கிறேன் என்று போய்விட்டார்.

எனக்கு அது நினைவில் இல்லை. இப்போதும் இல்லை. மஞ்சள் கரைசல் நினைவிருக்கிறது, தூறல் நினைவிருக்கிறது, நோட்டு மேல் கிடந்த பைகூட இருக்கிறது. யாருக்கும் எதையும் நான் ஊட்டிவிட்டதாக எந்த ஆண்டுக் குறிப்பிலும் இல்லை. அது நான் எழுதி வைக்கிற வகையான செய்தியும் அல்ல. காய்ச்சல் படுக்கையில் அவள் கண்ட கனவாக இருக்கலாம். வேறொரு மழை நாளில், வேறு ஏதாவது ஒரு பண்டமாக இருக்கலாம். நடந்தே இருக்கலாம். சாற்றில் ஊறிய இறாலில் மாவு எப்படி மொறுமொறுவென்று இருந்திருக்கும்? இருந்திருக்காது. அப்படியானால் 'அன்னைக்கு மாதிரியே' என்று அவள் சொன்ன மொறுமொறுப்பு எங்கிருந்து வந்தது? அன்று அவள் தின்றதிலிருந்தா, நாங்கள் தின்ற சத்தத்தைக் கேட்டதிலிருந்தா?

தட்டில் இன்னும் இறால் மிச்சம் இருந்தது. அவள் கை அதன் பக்கம் போகவில்லை, கண் போனது. நான் ஒன்றை எடுத்தேன். எப்படிப் பிய்ப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினேன். சாற்றில் தோய்த்து அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"இன்னைக்கு எனக்குப் பல்லு நல்லாத்தான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

திங்கட்கிழமை நாங்கள் தேனிக்குப் போகவில்லை. காலையில் இரண்டு இட்லி, மிச்சமிருந்த திராட்சைச் சாறைத் தொட்டுக்கொண்டு. மருத்துவருக்குப் போனில் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் எழுதிய குறிப்பு இது:

"தை, மூன்றாம் ஞாயிறு. மழை இல்லை. இறால், மூன்று மாவு, கலந்துவிட்டது. ஐந்து சாப்பிட்டாள்; ஐந்தாவது என் கையால். ஐப்பசியில் போட்டது எந்தச் சோளமாவு என்பது தெரியவில்லை. ஐப்பசி இரண்டாம் ஞாயிறு நான் அவளுக்கு இரண்டு இறால் ஊட்டியதாகச் சொல்கிறாள். எனக்கு நினைவில்லை, சாட்சி இல்லை. சரிபார்க்கப்படவில்லை."